ஆடி போகட்டும் என்றேன்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மூடுபனி. பதினொரு மணி வரை கேட்டுக்கு வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. பெயிண்ட் காயாது என்று தெரிந்தும் பலகை எழுதினேன். ஸ்கூல் லேபில் இருந்தபோது மேசைக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு பெயிண்ட். நான் ரிடையர் ஆகி நாலு வருஷம், டப்பா இன்னும் உயிரோடு இருக்கிறது.

எழுதியது: வீடு விற்பனைக்கு. உரிமையாளரிடம் நேரடியாகப் பேசவும் (என் போன் நம்பர்). புரோக்கர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மனைவி எஸ்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று படித்தாள். “தொந்தரவுன்னு எழுதித்தான் ஆகோணுமா? வாங்க வர்றவங்களும் பயந்துக்குவாங்க.”

விற்பதே அவளுக்காகத்தான். மூச்சிரைப்பு மூன்று வருஷமாக. போன மாதம் சேலத்து டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மழை வலுப்பதற்குள் மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுங்கள், இந்த ஈரக்காற்று இவர் நுரையீரலுக்கு ஆகாது. மகள் கிரேஸ் சேலத்தில் தன் தெருவிலேயே கீழ்த்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாள். செப்டம்பர் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று ஓனர் சொன்னாராம்.

“நீ முன்னாடி போய் கிரேஸ் வீட்டில் இரு” என்றால் எஸ்தர் கேட்பதில்லை. “நீங்க வராம நான் மட்டும் போயி என்ன பண்றது? வித்துட்டு ரெண்டு பேருமா எறங்கலாம்.” பூட்டிப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பூட்டிய வீட்டை இந்த ஊர் ஈரம் ஆறே மாதத்தில் தின்றுவிடும்.

பஜாரில் ஒரு புரோக்கர், “ரெண்டே வாரம் குடுங்க சார், முடிச்சுக் காட்டறேன்” என்றார். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு. அதைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

தூறல். சர்ச் முடிந்து வந்து உட்காருவதற்குள் முதல் பார்ட்டி. ஈரோட்டுக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி, காரில். வாரக் கடைசியில் வந்து தங்க வீடு தேடுகிறார்களாம்.

சுற்றிக் காட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொன்னவை:
– வடக்குச் சுவர் ஜூன் முதல் ஜனவரி வரை ஈரம். அந்த அறை பீரோவில் துணி வைத்தால் பூஞ்சை.
– பின்கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும். காலால் உதைத்தால்தான் திறக்கும்.
– போன வருஷம் காட்டெருமை வேலியைத் தாண்டி வந்து பீன்ஸ் பந்தலைச் சாய்த்தது.
– ஹால் ஓட்டில் ஒரு இடத்தில் ஒழுகும். எங்கே என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.
– செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கினால் அட்டை.

அட்டை என்றதும் அந்தம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

எஸ்தர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே: “பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு சொத்தப்பல்லு எத்தனைன்னு எண்ணிச் சொன்ன மாதிரி இருக்குதுங்க.”

பொய்ச்சாட்சி கூடாது என்பது கட்டளை, நான் என்ன செய்ய என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து ரொம்ப நேரம் நிற்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

போன்கள். ஒன்று: புரோக்கர். இரண்டு: அதே புரோக்கர், குரலை மாற்றி. மூன்று: இடித்துவிட்டு காட்டேஜ் கட்ட இடம் தேடுபவர். “இடித்துவிட்டு” என்ற சொல்லிலேயே கட் பண்ணினேன்.

பலகை பெயிண்ட் இன்னும் காயவில்லை. தொட்டால் ஒட்டுகிறது.

எஸ்தருக்குப் புது இன்ஹேலர் வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூலை 18, வெள்ளி

இன்று நல்ல பார்ட்டி. எழுதி வைக்க வேண்டும்.

ஓமலூர்க்காரர், சண்முகம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆனவர். கூட அவர் சம்சாரம், தலை நிறையப் பூ. நிரந்தரமாகத் தங்க வீடு வேண்டுமாம். ஈரச்சுவரைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, “மலையில ஊடுன்னா ஈரம் இருக்கத்தான் செய்யுமுங்க சார்” என்றார். பின்கதவைக் காட்டினேன். அவரே ஒரு உதை விட்டுத் திறந்தார். “கீழ்ப்பக்கம் ஒரு நூல் இழைச்சா சரியாப் போயிரும்.” காட்டெருமை சொன்னேன். “டிப்போவுல எங்க மேனேஜரப் பாத்தவனுங்க நான்” என்றார்.

அந்தம்மா சமையலறைக்குப் போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. எஸ்தர் இருமாமல் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரம். எட்டிப் பார்த்தேன், இருவரும் ஜன்னலோரம் நின்று அடுப்பு மேடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

விலையில் இழுபறி இல்லை. சண்முகம் மஞ்சப்பையை மடியில் வைத்து, “அட்வான்ஸ் கையோட கொண்டாந்துட்டனுங்க” என்றார்.

அப்போதுதான் என் வாயில் அது வந்தது.

“ஆடி பொறந்துருச்சுங்களே. நேத்துத்தான் ஒண்ணு. ஆடி போகட்டும்ங்க. ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க.”

அவர் விழித்தார். “நீங்க வேதக்காரங்க, பாக்க மாட்டீங்கன்னு நெனச்சனுங்க.”

“எனக்கில்லீங்க, உங்களுக்காகச் சொல்றேன். பெரியவங்க சும்மா சொல்லி வெக்கல.”

“எங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லீங்க சார். ஆடின்னு டிப்போவுல பிரேக் வேலைய நிறுத்தியா வெச்சோம்?”

அந்தம்மாவும், “ஆடி வெள்ளி நல்ல நாளுதானுங்க, அதுக்குத்தான் இன்னிக்கே வந்தோம்” என்றார்.

நான் விடவில்லை. வீட்டு விஷயம், நாள் பார்க்காமல் செய்யக் கூடாது, அது இது என்று பேசினேன். கடைசியில் பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டார்.

அவர்கள் போனதும் எஸ்தர் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். “ஞானஸ்நானம் வாங்கி அறுபத்திரண்டு வருசம். சபையில மூப்பரு. இன்னிக்குத்தான் உங்களுக்கு ஆடி தெரிஞ்சுதாக்கும்?”

மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். மரியாதைதான். வாங்கிய பிறகு வீட்டில் ஒரு கெடுதல் என்றால் அவர்கள் மனம் ஆடியைத்தானே நினைக்கும். ஒரு மாதம்தான். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஜூலை 27, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. ஹாலில் இரண்டு பக்கெட். எஸ்தர் இரண்டு தலையணை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள்.

தலைச்சோலை காளியப்பன் பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்தார். காப்பித் தோட்டம் கொஞ்சம், இரண்டு மாடு. நான் லேபில் சேர்ந்த வருஷத்திலிருந்து பழக்கம். இந்த வீட்டு அஸ்திவாரக் கல்லில் பாதி அவர் ஜீப்பில் வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு, “இன்னமுமா போகல?” என்றார். நடந்ததைச் சொன்னேன், ஆடி உட்பட.

கொஞ்ச நேரம் டீயை ஊதினார்.

“ஏனுங்க சார், மாட்ட சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி, இது ஒதைக்கும், இது முட்டும், இது கறக்கறப்ப கால மாத்தும்னு சொல்லிட்டே நின்னா, பொழுது சாய மாட்ட ஓட்டிட்டு ஊட்டுக்கே வந்தரலாம். விக்கப் போனவனாட்டமும் ஆச்சு, மாடும் நம்முளுதாவே ஆச்சு.”

“உண்மையச் சொல்லக் கூடாதுங்கறீங்களா?”

“சொல்லுங்க. ஆனா உங்களுக்கு விக்க மனசில்லீங்க. அம்மாவுக்கு நொம்ப மூச்சு வாங்குது, பாத்துக்கங்க.”

கோபம் வந்தது. சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்காமல் உள்ளே எழுந்து போய்விட்டேன். நல்ல மனுஷன், ஒன்றும் நினைக்காமல் பழத்தை எஸ்தரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டு வெளுப்பு வெயில். எஸ்தர் நாற்காலியைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஒரு லிஸ்ட் எழுதினாள். எனக்கு வாசித்துக் காட்டினாள்.

கேட்பது ஒன்றே ஒன்றாம். இறங்குவதற்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம். சபையில் எல்லாரும், தெருவில் எல்லாரும், தலைச்சோலையிலிருந்து காளியப்பன் குடும்பம். நாற்பது பேர். ஆட்டுக்கறிக் குழம்பு, சாதம், ரசம், பாயசம்.

“ஆள் வெச்சு சமைக்கலாம் எஸ்தரு.”

“அதெல்லாம் வேண்டாம். இத்தனை வருசம் ஆக்கிப் போட்ட ஊடு. என் கையால ஒரு தடவ எல்லாருக்கும் போட்டுட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு, நிதானமா எறங்கோணும். திருடனாட்டம் போகக் கூடாது.”

பாஸ்டரம்மாவிடம் பெரிய அண்டா கேட்டு வாங்கிவிட்டாள். சிங்க்குக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறது. நான்தான் கால் இடித்துக்கொண்டேன்.

தேதி எப்போது என்று கேட்டாள். அட்வான்ஸ் வாங்கினதும் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. சர்ச்சுக்கு முதல் ஆராதனைக்கே போய்வந்தோம். எஸ்தர் மேசைக்கு நல்ல விரிப்பு போட்டாள். கேக் வாங்கி வைத்தோம்.

பத்து மணி. பன்னிரண்டு. மூன்று.

நான்கு மணிக்கு நானே போன் செய்தேன்.

“மன்னிச்சுக்கங்க சார். நாகலூர்ப் பக்கம் ஒரு ஊடு படிஞ்சுதுங்க. ஆடிப் பதினெட்டு அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டனுங்க. நீங்க ஆடி பாக்கறவரு, நடுவுல கூப்புட்டு எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன். எங்கூட்டுல உங்க சமையக்கட்டப் பத்தியேதான் பேசிட்டிருந்தாங்க.”

ஆடிப் பதினெட்டு. ஆடியிலும் நல்ல நாள் ஒன்று உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

எஸ்தர் விரிப்பை நாலாக மடித்து உள்ளே வைத்தாள். கேக் இருக்கிறது, யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கிரேஸ் போன். “அந்தப் புரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா.” பார்க்கிறேன் என்றேன். மழை. பஜாருக்குப் போனேன், இன்ஹேலர், முட்டை, ரொட்டி வாங்கினேன். புரோக்கர் கடை வாசல் வழியாகத்தான் போனேன். திறந்துதான் இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

சேலம். ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஒன்பதரை. எஸ்தர் அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். சத்தம் கேட்டுப் போனபோது மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். இன்ஹேலர் நான்கு முறை. கேட்கவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. டாக்ஸி ஸ்டாண்டில் ஜீப் கிடைத்தது.

கீழே வர இருபது கொண்டை ஊசி வளைவு. பனியில் டிரைவர் லைட் போட்டு ஊர்ந்துதான் வந்தார். எஸ்தர் என் தோளில். ஒவ்வொரு வளைவுக்கும் இது எத்தனையாவது என்று எண்ணினேன். வேறு எதையும் எண்ணத் தைரியம் இல்லை.

பாதி வழியில் கேட்டாள்: “பருப்ப அணைச்சீங்களா?”

அணைத்தேன் என்றேன். நினைவில்லை. காளியப்பனுக்குப் போன் போட்டேன். அவர் போய்ப் பார்த்து, பாத்திரம் கருகிப்போயிருந்ததாகச் சொன்னார்.

வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறாள். இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆபத்து கடந்தது. ஸ்தோத்திரம். ஆக்ஸிஜன் குழாய் மட்டும் இன்னும் மூக்கில்.

டாக்டர்: “இனிமே இவங்களை மேல கூட்டிட்டுப் போகவே கூடாது.”

எஸ்தர் மெல்லக் கேட்டாள், “துணிமணி எடுத்துக்க ஒரே ஒரு தடவங்க டாக்டர். ஒரு நாளு. சின்னதா ஒரு ஜெபம்…”

“இல்லம்மா. ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.”

சரியென்று தலையாட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் கிரேஸ். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. “அப்பா, அந்தப் புரோக்கர் ரெண்டு வாரம்னுதானே சொன்னாரு?”

அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை.

புரோக்கரை நான் கமிஷனுக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆள் நிஜமாகவே இரண்டு வாரத்தில் விற்றுவிடுவார் என்று பயந்தேன். நானே விற்றால் விற்காமல் இருக்கலாம். வீட்டை விட்டு இறங்க முடியாதவன் நான். அவள் இறங்கத் தயாராகத்தான் இருந்தாள், அவளுக்கு வேண்டியது ஒரு நாள், நாற்பது இலை, ஒரு ஜெபம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன். வீட்டை வைத்துக்கொண்டும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

உண்மை பேசுகிறேன் என்றல்லவா நெஞ்சை நிமிர்த்தினேன்? குறையை மட்டும் வரிசையாகச் சொன்னேன். அந்த வீட்டில் உள்ள நல்லது ஒன்றைக்கூட ஒருவருக்கும் சொன்னதில்லை. அதுவும் பொய்ச்சாட்சிதான்.

செப்டம்பர் 20, சனி

எஸ்தரைக் கிரேஸ் பார்த்து வைத்த கீழ்த்தள வீட்டில் சேர்த்தாயிற்று. நல்ல வேளை, ஓனர் வாக்குத் தவறவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மதில். “வெயிலு வருதுல்ல, போதும்” என்றாள்.

நான் மட்டும் பஸ்ஸில் மேலே வந்தேன். பலகையில் கடைசி வரியை மறைத்துக் கறுப்பு அடித்தேன். ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. ஜூலையில் காயாத பெயிண்ட்.

நோட்டில் குறித்த நம்பர்களுக்கெல்லாம் நானே கூப்பிட்டேன். ஈரோட்டுக்காரர் எடுக்கவில்லை. புரோக்கரிடமும் சொல்லிவிட்டேன். “அப்பவே சொன்னேனே சார்” என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் கேட்டார்.

செப்டம்பர் 27, சனி

பலகை பார்த்துவிட்டு ஒரு டீச்சர் வந்தார். பெயர் மலர்விழி, இங்கேயே ஸ்கூலில் வேலை, வாடகை வீடு. அம்மாவோடு இருக்கிறார், அவரும் கூட வந்திருந்தார். பின்கதவு சொன்னேன், ஈரச்சுவர் சொன்னேன். ஒழுகும் இடத்தைக் காளியப்பன் போன வாரம் கண்டுபிடித்து ஓடு மாற்றிவிட்டார், அதையும் சொன்னேன்.

“இவ்வளவு நல்ல வீட்டை ஏன் சார் விக்கறீங்க?”

“ஊட்டுக்காரிக்கு மூச்சுக் கோளாறும்மா. மலை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்ப மழைக்கு முன்னாடியே எறங்கியிருக்கலாமேங்க சார்.”

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டது. ஆமாம்மா என்றேன். சண்முகம் பேசிய விலையைவிடக் குறைவாகக் கேட்டார், சம்மதித்தேன். அட்வான்ஸ் இப்போதே தரலாமா, புரட்டாசி சனிக்கிழமையாக இருக்கிறதே, பரவாயில்லையா என்று டீச்சரின் அம்மா தயங்கினார். உங்கள் சௌகரியம் என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

திங்கட்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். சாமான் எல்லாம் நேற்றே லாரியில் போய்விட்டது. பாக்கி: ஒரு பாய், துடைப்பம், நான்.

செய்தவை: பலகையைக் கழற்றி விறகோடு போட்டேன். கேஸ் கனெக்‌ஷன் ஒப்படைத்தேன். பாஸ்டரம்மாவுக்கு அண்டாவைத் திருப்பிக் கொடுத்தேன். கழுவ வேண்டிய வேலையே இல்லை.

ஜெபத்தைப் பாஸ்டர் வந்து நடத்தட்டுமா என்று எஸ்தரிடம் கேட்டிருந்தேன். “நான் இல்லாம யாருக்கு நன்றி சொல்லப் போறீங்க?” என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு எஸ்தரே வீடியோவில் கூப்பிட்டாள். கிரேஸ் போனைப் பிடித்திருக்கிறாள் போல, முகம் ஆடிக்கொண்டே தெரிந்தது. இளைத்துவிட்டாள்.

“ஏனுங்க, ஊடு விக்கறதாக் கேள்விப்பட்டோம். பாக்கலாங்களா?”

விளையாடுகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் போனைத் திருப்பிப் பிடித்தேன்.

“வாங்கம்மா, பாருங்க.”

“ஹாலு ஒழுகுமுங்களா?”

“ஒழுகிட்டிருந்துதுங்க. இப்ப இல்லீங்க. இங்க நாப்பது பேரு உக்காரலாம். கிறிஸ்மசுக்கு உக்காந்திருக்காங்க.”

“அந்த ரூமு?”

“எங்க பாப்பா பொறந்து வந்த ரூமுங்க. ஈரம் உண்டு. ஆனா மழை பேயறப்ப அங்க படுத்தா வர்ற தூக்கம் வேற எங்கயும் வராதுங்க.”

“பின்கதவு இடிக்குமாமே?”

“இடிக்கும்ங்க. எங்கூட்டுக்காரி சின்னதா ஒரு ஒதை விடுவா, தெறந்துக்கும். எனக்கு இன்னும் அது வரலீங்க.”

“சமையக்கட்டு காட்டுங்க” என்றாள்.

காலி மேடை. வெயில் அப்போதுதான் ஜன்னல் வழியாக இறங்கி, அடுப்பு இருந்த இடத்தில் சதுரமாக விழுந்திருந்தது.

“பத்து மணிக்கு வெயில் நேரா இங்க வரும்ங்க. மார்கழியிலகூட, பனி விலகுன அன்னிக்கெல்லாம் வந்துரும். அதுக்குன்னு பாத்து வெச்ச ஜன்னலுங்க. அவ குளிருல நின்னு ஆக்கக் கூடாதுன்னு.”

“இதுக்குத்தான் ஜன்னல இங்க வெச்சீங்களா? எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“சொல்லலீங்க.”

“மொத்தத்துல ஊடு எப்படிங்க?”

“நல்ல ஊடுங்க. ரொம்ப நல்ல ஊடு. வாங்கறவங்க குடுத்து வெச்சவங்க.”

எஸ்தர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு ஒருமுறை இழுத்தது, பிறகு சீரானது.

“இத ஆடியிலயே அந்தச் சண்முகத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க.”

போனை அந்த வெயில் சதுரத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.